அம்மன்ட்ட கேட்ட கேள்வி

விக்கிரமசிங்கபுரம்
12.9.2024

அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவ. எனக்கு நலமில்லைன்னு ஒங்களுக்கே தெரியும். ஒங்க நலத்தை அறிய எனக்கு இப்பம் ஆவலும் இல்ல. அதனால நேரா விசயத்துக்கு வாரேன்.

போன்ல பேசுனா எப்படியும் சண்டைல போயி நிக்குது. நான் ஒண்ணு சொல்லுவேன், ஒன் கொரல்ல உசுரே இல்லையே, நான் என்ன வேண்டாத விருந்தாளியான்னு நீங்க ஆரம்பிப்பிய. வீடியோல வந்தா, மூஞ்சியப் பாரு, கல்லு கணக்கான்னு சொல்லுவிய. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில லில்லி மேடம்னு ஒருத்தவ இருக்காவ. என்னைய மாதிரி ஹார்மோன் கோளாறுல ஆயுசு முழுக்க மாத்திரை திங்கித ஆளுகளுக்கு மனசு விட்டுப் பேச வழி பண்ணுதது அவிய வேலை. மாசத்துல மொத சனிக்கிழமை எங்களையெல்லாம் வட்டமா உக்கார வச்சுப் பேச விடுவாவ. அவியதான் சொன்னாவ, கொரலும் மூஞ்சியும்தான ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை மூட்டுது, ரெண்டையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வச்சிட்டு எழுதிப் பாருங்கன்னு. அதனால இனி நான் போன் எடுக்க மாட்டேன். சுகிர்தாட்ட பேசணும்னா எங்க அம்ம போன்ல கூப்பிடுங்க. பிள்ளை அப்பா அப்பான்னு தேடுதா.

நான் பிள்ளையத் தூக்கிட்டு இங்கன அம்ம வீட்டுல வந்து உக்காந்தது, அம்மன் கோயில் கொடைக்கு மாத்திரைய நிறுத்தச் சொன்ன கோவத்துலன்னு நெனச்சிருப்பிய. அது இல்ல. காப்புக் கட்டியாச்சு, விரதத்துல இங்கிலீசு மருந்து ஆகாதுன்னு அத்தை சொன்னாவ. மூணு நாளைக்கு விட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னிய. ஊருக்கு முன்னால பழையபடி முளைப்பாரி தூக்கணும்ங்கித ஆசைல நானும் தலைய ஆட்டினேன். அந்த மாத்திரை நின்னா ஆளே போயிருவேன்னு ஒருத்தருக்கும் ஒறைக்கல. அதுல எல்லாருக்கும் பங்கு உண்டு.

மதியக் கொடைல எனக்கு மேலெல்லாம் நடுங்கி வேர்த்து ஊத்திச்சுல்லா. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. தண்ணி தாங்கன்னு சொல்லுதேன், நாக்கு ஒட்டிக்கிட்டு சத்தம் வரல. முப்பிடாதி அம்மன் எம்மேல எறங்கிட்டான்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாவ. மேளக்காரரு பக்கத்துல வந்து இன்னும் வேகமா அடிக்காரு. அத்தை திருநீறைப் பூசிட்டுக் கும்புடுதாவ. கூட்டத்துல நின்ன ஒரு நர்சு பிள்ளை நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு அலறுன பொறவுதான் ஆட்டோவே வந்துச்சு. அதுக்கும் எனக்குக் கோவம் இல்ல அத்தான். கொடைல வேற யாரு அப்படி நடுங்கினாலும் நானும் விழுந்து கும்பிட்டுத்தான் இருப்பேன்.

ஆனா அதுக்கு முன்னால நீங்க வந்து என் காலடில உக்காந்தியளே. கையைக் கூப்பிக்கிட்டு, கண்ணுல தண்ணி வடிய. நீங்க சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "தாயே, அஞ்சு வருசமா ஒரு பொணத்தோட குடும்பம் நடத்துதேன். எம் பொண்டாட்டிய எனக்குத் திருப்பித் தருவியா?"

அஞ்சு வருசத்துல என்னைய ஒரு வார்த்தை கேக்கல. நான் சாமியாயிட்டேன்னு நெனச்சதும் கேட்டுட்டிய. அந்தக் கேள்விய இப்பம் என்ட்டயே நேரா கேளுங்க. மன்னிப்பு கின்னிப்புன்னு எழுதுனா படிக்காம கிழிச்சிருவேன். நீங்க எழுதுததை வச்சுத்தான் நான் அங்கன வரணுமா, இல்ல பிள்ளையோட இங்கனயே இருந்துருததான்னு முடிவு பண்ணணும்.

உலகம்மாள்


கங்கைகொண்டான்
22.9.2024

உலகு,

எனக்குக் கடிதாசி எழுதிப் பழக்கமில்ல. பத்தாம் வகுப்புல காய்ச்சல்னு பொய் சொல்லி லீவு லெட்டர் எழுதினதுதான் கடைசி. கம்பெனில போர்க்லிப்ட் ஓட்டுதவனைப் பேனா பிடிக்க வச்சிட்டா ஒங்க லில்லி மேடம். எழுத்து கோணிக்கிட்டுப் போவுது, படிச்சுக்க.

நான் சாமிட்ட கேட்டதை நீ ஒட்டுக் கேட்டுட்டு, இப்பம் என்ட்ட நியாயம் கேக்க. இது எந்த ஊரு நியாயம்ளா? சாமிட்ட கேக்காம யார்ட்ட போயிக் கேக்க? ஒன்ட்ட எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், ஒடம்பு அசதி, சடவா இருக்கு. சோறு திங்கியா, சடவா இருக்கு. பாவநாசத்துக்குப் போயிக் குளிச்சிட்டு வருவமா, சடவா இருக்கு. பக்கத்துல வந்து உக்காந்தா, சடவா இருக்கு. ஒரு மனுசன் எத்தனை நாளைக்குத்தான் கேப்பான்.

நீ எப்படி இருந்தவ. கல்யாணமான புதுசுல என் வண்டிச் சத்தம் தெரு முக்குல கேட்டாப் போதும், வாசல்ல வந்து நிப்ப. நீ சிரிக்கித சத்தத்துல பக்கத்து வீட்டு ஆடு கத்தும்னு எங்க அம்மை கேலி பண்ணுவா. எங்க வீட்டு ஆளுக அத்தனை பேருக்கும் பட்டப்பேரு வச்சவ நீ. பிள்ளை பெத்து ஆஸ்பத்திரில இருந்து வந்தவ வேற யாரோ. நான் பூ வாங்கிட்டு வருவேன், அது பிரிட்ஜு மேல கெடந்து காயும். பச்ச உடம்பு, சரியாயிரும்னாவ. காத்து கருப்புன்னாவ. ரெண்டு வருசம் முன்னாலதான் ஒரு டாக்டரு பேரு சொன்னாரு, பிள்ளை பெத்தப்பம் ரத்தம் நெறையப் போனதுல மூளைக்கு அடில உள்ள சுரப்பி கெட்டுப்போச்சுன்னு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. சரி, இனி பழைய உலகு வந்துருவான்னு நானும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தேன். வந்தியா?

நேரா கேளுன்னு சொல்லிருக்க. கேக்கேன். பழைய உலகு வருவாளா, மாட்டாளா? வருவான்னா எப்பம்? அவளைக் கேட்டதுல என்ன தப்பு? நீ போன பொறவு இந்த வீட்டுல இருக்க முடியல. ஷிப்ட் முடிஞ்சு வந்தா அம்மை சோத்தைப் போட்டு வச்சிட்டு அந்தப் பக்கம் போயிருதா, நான் சுவத்தைப் பாத்துத் திங்கேன். தீபாவளிக்காவது வந்துரு. சுகிர்தாவுக்குப் பாவாடை சட்டை எடுத்து வச்சிருக்கேன்.

கொம்பையா


விக்கிரமசிங்கபுரம்
4.10.2024

அத்தானுக்கு,

பதில்: வரமாட்டா.

எப்பம்னு கேட்டிய. எப்பமும் வரமாட்டா. பெரிய டாக்டரம்மா எனக்குப் படம் போட்டே காட்டிட்டாவ. பட்டாணி தண்டிதான் இருக்குமாம் அந்தச் சுரப்பி. அதுதான் ஒடம்புல உள்ள மத்த சுரப்பிக்கெல்லாம் உத்தரவு போடுதது. அது செத்தா பால் சுரக்காது, தீட்டு வராது, குளிரு தாங்காது, சடவு தீராது, ஆசைன்னு ஒண்ணு இருந்த எடமே தெரியாது. மாத்திரை உசுரைக் காப்பாத்தும், எந்திரிச்சு நடமாட விடும். பழைய ஆளைக் கொண்டாந்து நிறுத்தாது. ஆயுசு முழுக்க இப்படித்தான். நான் ஏமாத்தல, நடிக்கல, திமிரு பண்ணல.

திமிருன்னு சொன்னது நீங்கதான். ஒங்களுக்கு மறந்திருக்கும். பிள்ளைக்குப் பால் இல்லன்னதும், தாய்க்கு மனசு இருந்தா தன்னால ஊறும்னு அத்தை சொன்னாவ. தொட்டில்ல பிள்ளை அழுவா. நான் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். எந்திரிக்கணும்னு தெரியும், தூக்கணும்னு தெரியும், காலு கையி நம்ம சொல்லைக் கேட்டாத்தான. அழுகை கூட வராது அத்தான். அழுதிருந்தா பாவம்னாவது நெனச்சிருப்பாவ. கல்லு மாதிரி படுத்திருந்தேன், அதனால கல்லுன்னு பேரு வாங்கிட்டேன்.

போன கூட்டத்துல மேலப்பாளையத்து ரைஹானத்து அக்கா பேசுனாவ. அவியளுக்குத் தைராய்டு சுரப்பிய அப்படியே எடுத்தாச்சு. ஒடம்பு ஊதி, மூஞ்சி மாறி, கண்ணாடி முன்னால நின்னு "நீ யாரு தாயி, எந்த ஊரு?"ன்னு அவியளே கேப்பாவளாம். நாங்க எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்ச பொறவு லில்லி மேடம் எந்திரிச்சுப் போயி சன்னலைத் தொறந்து விட்டாவ.

பழைய உலகை நீங்க மட்டும்தான் தேடுதியன்னு நெனப்பா? வீட்டுக்கு வாரவன் போறவனுக்கெல்லாம் பேரு வச்சவ அவ. அவளோட நான் இருபத்தி நாலு வருசம் இருந்தேன், நீங்க ரெண்டு வருசம்தான். எனக்கு எம்புட்டு ஏக்கம் இருக்கும்னு ஒருநாளாவது நெனச்சியளா? அவளுக்காகக் காத்திருக்கதுன்னா இருங்க. அவ வார பஸ்ஸு கெடையாது. தீபாவளிக்கு நான் வரல. பாவாடை சட்டைய அனுப்புங்க.

உலகம்மாள்


கங்கைகொண்டான்
21.10.2024

உலகு,

ஒன் லெட்டரைப் படிச்சிட்டு எனக்கு வந்த ஆத்திரத்துல நேரா பாளையங்கோட்டைக்குப் போயிட்டேன். ஒன்ட்ட சண்டை போட இல்ல. அந்த லில்லி மேடத்துட்ட. எம் பொண்டாட்டிய உசுப்பி விட்டு, வரமாட்டேன்னு எழுத வைக்கியளே, ஒங்களுக்கு நல்லாருக்கான்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரணும்னு கிளம்பினேன். பஸ்ஸுல போகையிலயே என்னென்ன கேக்கணும்னு மனசுக்குள்ள அடுக்கி வச்சிட்டேன்.

போனா அவிய நாற்காலி இழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காவ. கட்டையா, பவுடர் பூசி, ஒரு கைல டிபன் டப்பா. நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே, "நீங்க உலகம்மாள் வீட்டுக்காரரா? வாங்க, இதை அங்கன பிடிச்சுப் போடுங்க"ன்னு ஒரு பெஞ்சைக் காட்டுனாவ. பிடிச்சுப் போட்டேன். பொறவுதான் தெரியுது, மூணாவது சனிக்கிழமை வீட்டு ஆளுகளுக்குக் கூட்டமாம். எந்திரிச்சுப் போகலாம்னு பாத்தா கைல டீயக் குடுத்துட்டாவ. டீயக் குடிச்சிட்டு சண்டை போட எப்படி வரும், நீயே சொல்லு.

ஒங்க ரைஹானத்து அக்கா வீட்டுக்காரரு பீர் மைதீன் அண்ணாச்சி வந்திருந்தாரு. ஆட்டோ ஓட்டுதாரு. மொதல்ல அவளைக் கோவிச்சேன், பொறவு டாக்டரைக் கோவிச்சேன், இப்பம் யாரைக் கோவிக்கன்னு தெரியாம ஆட்டோவைப் போட்டு மிதிக்கேன்னு சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அவரு சிரிக்கல. அந்தாளு அறுவது வயசுக்காரரு, எல்லாரும் பாக்க, துண்டை வாயில அடைச்சுக்கிட்டு அழுதாரு. என் முறை வந்தப்பம் என்ன சொல்லணும்னு கேட்டாவ, ஒண்ணுமில்லன்னுட்டேன்.

கடைசில ஊசி போடச் சொல்லித் தந்தாவ. அன்னைக்கு மாதிரி ஒனக்கு நடுக்கம் வந்து விழுந்தா, ஆஸ்பத்திரிக்குப் போகதுக்கு முன்னால தொடைல போட வேண்டிய ஊசி. ஆரஞ்சுப் பழத்துல போட்டுப் பழகணும். நான் அழுத்துன அழுத்துல பழம் உருண்டு மேடம் காலடிக்குப் போயிட்டு. எட்டு டன் சாமானை அலுங்காம தூக்குத கையி, ஒரு பழத்துல ஊசி குத்த மாட்டேங்குது. பொறவு குத்திட்டேன். குத்தினதும்தான் எனக்கு ஒறைச்சுது, அன்னைக்குக் கொடைல என் கைல இந்த ஊசி இருந்திருக்கணும், நான் கையக் கூப்பிக்கிட்டு இருந்தேன்னு.

மன்னிப்புன்னு எழுதுனா கிழிப்பேன்னு சொல்லிருக்க. எழுதல.

பாவாடை சட்டையக் கூரியர்ல போட்டிருக்கேன். ஒனக்கு ஒரு சுவெட்டர் வச்சிருக்கேன். ஒனக்குப் பச்சைதான் பிடிக்கும்னு பச்சை எடுத்தேன், இப்பமும் பச்சைதான் பிடிக்குமான்னு தெரியல.

கொம்பையா


விக்கிரமசிங்கபுரம்
6.11.2024

அத்தானுக்கு,

நீங்க சண்டைக்குப் போயி பெஞ்சு தூக்கின கதைய ரைஹானத்து அக்கா கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லிட்டாவ. அவிய வீட்டுக்காரரு அவியட்ட சொல்லிருக்காரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சத்தமா இல்ல, ஆனா நெசமாவே வந்துச்சு. சிரிச்சு எத்தனையோ நாளாச்சு, வாயெல்லாம் வலிச்சுப்போச்சு.

தீபாவளிக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல்னா மாத்திரைய ரெண்டு மூணு பங்கா கூட்டித் திங்கணும், எங்க ஒடம்பு தன்னால கூட்டிக்கிடாது. அம்ம பயந்து கையப் பிசையுதாவ. எங்க ஐயா ஆட்டோ பிடிக்க ஓடுதாவ. நானே பைய எந்திரிச்சு, எண்ணிப் போட்டுக்கிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு, கஞ்சி வைக்கச் சொன்னேன். விடியதுக்குள்ள எறங்கிட்டு. யாரும் தூக்காம நானே என்னையக் காப்பாத்திக்கிட்டேன். இதை ஒங்கட்ட சொல்லணும்னு அன்னைக்கே இருந்துச்சு, போன் எடுக்க மாட்டேன்னு வீம்பு பிடிச்சதும் நான்தான்.

ஊரே வெடி வெடிக்கி, நான் சுவெட்டரைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். பச்சை இப்பமும் பிடிக்கும். படுத்துக்கிட்டு ஒங்களையே நெனச்சேன். வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டாம, அடுப்படி வாசல்ல நின்னு ஒரு செம்பு தண்ணியக் கழுத்தெல்லாம் வழிய விட்டுக் குடிப்பியளே, அது கண்ணுக்குள்ளயே நிக்குது. சட்டைல ஆயில் வாடை. அந்த வாடைய நான் இம்புட்டுத் தேடுவேன்னு நெனைக்கல. ஆசை செத்தவளுக்கு ஏக்கம் மட்டும் எங்கன இருந்து வருதுன்னு லில்லி மேடத்துட்ட கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா, வருதுல்லா"ன்னாவ. எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கவிய இல்ல அவிய. அதனாலதான் எனக்கு அவியளப் பிடிக்கும்.

மனசு விட்டு ஒண்ணு சொல்லுதேன். எனக்குத் திரும்பி வர பயமா இருக்கு. ஊரை நெனச்சு இல்ல, அத்தைய நெனச்சு இல்ல. நான் வருவேன், நீங்க ஆசையா பக்கத்துல வருவிய, என் ஒடம்பு கட்டை மாதிரி கெடக்கும். அப்பம் நீங்க ஒரு பெருமூச்சு விட்டுட்டு அந்தப் பக்கமா திரும்பிப் படுப்பிய. என்னையத் திட்டினது கூட எனக்கு மறந்துரும். அந்தப் பெருமூச்சு மறக்க மாட்டேங்குது. அதைக் கேட்டுக்கிட்டு மறுபடியும் ஒரு அஞ்சு வருசம் கெடக்க என்னால ஏலாது.

உலகு


கங்கைகொண்டான்
25.11.2024

ஏளா உலகு,

திட்டாதே. நான் ஒங்க ஊருக்கு வந்தேன். போன வாரம் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போகப் பிடிக்கல. நாலு நாளா மழை ஓஞ்சு அன்னைக்குத்தான் வெயில் அடிக்கி. ஜங்ஷன்ல வந்து நின்னா பாவநாசம் பஸ்ஸு நிக்குது, ஏறி உக்காந்துட்டேன். ஒங்க தெரு முக்கு டீக்கடைல நின்னேன். நீ சுகிர்தாவைப் பால்வாடிக்குக் கூட்டிட்டு வந்த. வெயில்லயும் சுவெட்டரைப் போட்டிருந்த. பிள்ளை துள்ளிக்கிட்டு முன்னால ஓடுதா, நீ பைய நடக்க. அவ நின்னு திரும்பிப் பாத்து, நீ வார வரைக்கும் காத்திருந்து, பொறவு மறுபடி ஓடுதா. பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையேன்னு தோணுச்சு. கூப்பிட வாயெடுத்தேன். கொரலையும் மூஞ்சியையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்கணும்னு நீ எழுதினது ஞாபகம் வந்துச்சு, அதே பஸ்ஸுல திரும்பிட்டேன். கல்லிடைக்குறிச்சி தாண்டுத வரைக்கும் ஆத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன். தண்ணி கலங்கலா போவுது.

பெருமூச்சைப் பத்தி எழுதிருந்த. நான் விட்டது எனக்கே தெரியாது. ஆனா ஏன் விட்டேன்னு தெரியும். இந்த மாசக் கூட்டத்துலயும் போயி உக்காந்தேன். இந்தத் தடவை பேசிட்டேன். அங்கன சொன்னதை ஒனக்கும் சொல்லணும்லா.

ஒன்ட்ட கேக்காம அம்மன்ட்ட ஏன் கேட்டேன்னா, ஒன்ட்ட கேக்க எனக்குப் பயம். ஒடம்புக்குச் சீக்குன்னு டாக்டரு சொல்லுதாரு. சரி. ஆனா சீக்குதானா, இல்ல என்னையப் பிடிக்காமப் போச்சான்னு எனக்கு அஞ்சு வருசமா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீ படிச்ச பிள்ளை, பி.காம். நான் பத்தாம் வகுப்பு. ஏதோ சொந்தத்துல கட்டி வச்சிட்டாவ, இப்பம் வெறுத்துட்டாளோன்னு ஒரு நெனப்பு. நேரா கேட்டு, ஆமா, பிடிக்கலன்னு நீ சொல்லிட்டா நான் எங்கன போக? பழைய உலகைக் குடுன்னு அம்மன்ட்ட கேட்டது அதுக்குத்தான். அவளுக்கு என்னையப் பிடிக்கும், அது எனக்குத் தெரியும். இப்பம் உள்ளவளுக்குப் பிடிக்குமான்னுதான் தெரியாது.

இம்புட்டுத்தான். இதுக்கு மேல எழுத எனக்குத் தெம்பில்ல.

கொம்பையா


விக்கிரமசிங்கபுரம்
10.12.2024

அத்தான்,

கோட்டிக்கார மனுசா. டீக்கடைல நீங்க நின்னதை நான் பாத்தேன். செவப்புக் கட்டம் போட்ட சட்டை. சுகிர்தா பாத்தா ஓடி வந்துருவான்னு, அவளை அந்தப் பக்கமா மறைச்சுக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அஞ்சு வருசத்துல மொத அழுகை. அம்ம பயந்துட்டாவ, நான் சந்தோசத்துல அழுதேன். அழ வருதேன்னு சந்தோசம்.

ஒங்க கேள்விக்கு நான் உடனே பதில் எழுதிரலாம். ஆனா எழுதினா நீங்க நம்புவியளா? அஞ்சு வருசமா அரிச்சது ஒரு கடிதாசில போயிருமா? அதனால ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது.

என்னையப் பொண்ணு பாக்க வாங்க.

நெசமாத்தான். நீங்க கட்டினவ இப்பம் இல்ல. இங்கன வேற ஒருத்தி இருக்கா. அவளை நீங்க பாத்ததே கெடையாது, பழையவளைத் தேடிக்கிட்டே இருந்ததுல இவளை ஏறெடுத்துப் பாக்கல. அவளும் ஒங்களைச் சரியாப் பாத்ததில்ல. வெத்திலை பாக்கு, பழத் தாம்பாளத்தோட முறையா வாங்க. பஜ்ஜி, கேசரி போட்டு வைக்கேன். பாருங்க, பேசுங்க. பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நானும் அப்படியே சொல்லுவேன். மூஞ்சிக்காகச் சொல்லக் கூடாது.

அடுத்த வாரம் மார்கழி பிறக்கு. மார்கழில பொண்ணு பாக்க வரக் கூடாதுன்னு எங்க ஐயா அடம் பிடிக்காவ. மவ இப்படி ஒரு கூத்தைச் சொல்லுதாளேன்னு திட்டாம, நாள் பாக்க உக்காந்துட்டாவ. பொங்கல் கழிச்சு வாங்க.

உலகு


கங்கைகொண்டான்
17.12.2024

உலகு,

வாரேன். ஆனா மார்கழி ஒரு மாசமும் என்னைய இங்கன காயப் போட்டுட்டாரு ஒங்க ஐயா. விடியக்காலம் கோயில்ல பாட்டு போடுதான், முழிப்பு வந்துருது, பக்கத்துல தடவிப் பாக்கேன். பாய்தான் கெடக்கு. ஒடம்புக்காக இல்லளா, நீ அங்கன இருக்கணும். சும்மா இருந்தாப் போதும்.

அம்மைட்ட சொன்னேன். கட்டின பொண்டாட்டியப் பொண்ணு பாக்கவான்னு மொதல்ல ஏசினா. மறுநாள் எந்தப் புடவை கட்டன்னு கேக்கா.

கொம்பையா


கங்கைகொண்டான்
21.1.2025

உலகு,

பொண்ணு வீட்டுல பஜ்ஜி கேசரி தின்னுட்டு, ஊருக்குப் போயி கடிதாசி போடுதோம்னு சொல்லிட்டு வாரதுதான முறை. நானும் அப்படித்தான் ஒங்க ஐயாட்ட சொல்லிட்டு எந்திரிச்சேன். அவரு சிரிப்பை அடக்கிக்கிட்டு, நல்ல பதிலா போடுங்க மாப்பிள்ளைன்னாரு. சுகிர்தா பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து எனக்கும் அம்மைக்கும் நீட்டிட்டு, நீங்க யாருன்னு கேட்டா பாரு, அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? எனக்குத் தொண்டைல பஜ்ஜி சிக்கிட்டு.

அம்மை பேசினதைக் கேட்டியா? விரதத்துல மருந்து திங்கலாமான்னு பூசாரிட்ட போயிக் கேட்டிருக்கா. மருந்து சோத்துல சேத்தி இல்லைன்னு அவரு சொன்னாராம். அதை ஒன்ட்ட சொல்லுததுக்காகவே புதுப் புடவை கட்டி வந்தா. சொல்லும்போது ஒன் மூஞ்சியப் பாக்கல அவ. நீ அவ கையப் பிடிச்ச, அது போதும்னு வீட்டுக்கு வந்து சொன்னா.

நம்மளைத் தனியா பேசட்டும்னு பின்பக்கம் அனுப்புனாவல்லா. நீ கல்லு மேல உக்காந்து வரிசையா சொன்ன. மத்தியானத்துக்கு மேல ஒன்னால ஏலாது, படுத்துருவ. சோறு ஒரு வேளைதான் பொங்குவ. இன்னொரு பிள்ளைக்குச் சிரமம். ரவிக்கைல பூத்தையல் போடுத ஆரி வேலைய மறுபடியும் ஆரம்பிச்சிருக்க, மாசத்துக்கு ஒரு ரவிக்கை முடிக்க. பக்கத்துல வரணும்னா மொதல்ல கேக்கணும், வேண்டாம்னா கோவிக்கக் கூடாது. கண்டிசன் போட்டே கல்யாணம் பண்ணுத பொண்ணை இப்பம்தான் பாக்கேன். நான் பீர் மைதீன் அண்ணாச்சி ஆட்டோவை மிதிச்ச கதையச் சொன்னேன், நீ சிரிக்கல. சரி, போகட்டும்னு பக்கத்து வீட்டு ஆட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், அப்பம் திடீர்னு சிரிச்ச. ஆட்டோவுக்குத்தான். ஒனக்குச் சிரிப்பு நடந்து வருது உலகு. முன்ன ஓடி வரும். இவ்வளவு நாளும் அது வாரதுக்கு முன்னால நான் எந்திரிச்சுப் போயிருக்கேன்.

இப்பம் மாப்பிள்ளை வீட்டுப் பதில். பொண்ணைப் பிடிச்சிருக்கு. பொய் சொல்லல. பழையவளுக்கான ஏக்கம் எனக்கு நிக்கல, நிக்குமான்னும் தெரியல. ஒனக்கும் அது இருக்குன்னு எழுதியிருந்த. ரெண்டு பேரும் சேந்தே அவளைத் தேடிக்கிடலாம். ஆனா அவ வரட்டும்னு ஒன்னைய இனி வாசல்ல நிறுத்த மாட்டேன்.

அம்மன்ட்ட கேக்க வேண்டியதை இப்பம் ஒன்ட்ட கேக்கேன். பொண்ணுக்கு என்னையப் பிடிச்சிருக்கா?

பதில் வார வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது.

கொம்பையா


விக்கிரமசிங்கபுரம்
25.1.2025

அத்தான்,

சோத்தைத் தின்னுங்க. ரெண்டாந்தேதி ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாங்க. பெட்டிய அம்ம கட்டிட்டாவ, சுகிர்தா பால்வாடில எல்லார்ட்டயும் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டா.

ஒங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. சொந்தத்துல கட்டி வச்சதுக்காக இல்ல, பிள்ளைக்காக இல்ல. கொடைக்கு முன்னாலயும் பிடிச்சிருந்துச்சு, நீங்க சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தப்பவும் பிடிச்சிருந்துச்சு. அந்த அஞ்சு வருசத்துல ஒரு நாள் கூட பிடிக்காமப் போகல அத்தான். எனக்கு அதைக் காட்டத்தான் வரல.

இனிமேயும் சில நாள் வராது. மாத்திரை சரியாத் தின்னாலும் வராது. கொரல் செத்துக் கெடக்கும், மூஞ்சி கல்லா இருக்கும், நீங்க தொட்டா ஒடம்பு திரும்பாது. அன்னைக்கு ஒங்களுக்கு மறுபடியும் அந்தச் சந்தேகம் வரும். வந்தா கோயிலுக்குப் போகாதிய, யார்ட்டயும் கேக்காதிய. என்னைய எழுப்பவும் வேண்டாம். இந்தக் கடிதாசிய எடுத்துப் படிங்க. அன்னைக்கும் என் பதில் இதுதான்.

உங்க
உலகு